முதுகில் ஒட்டிய உத்தரவாதம்

பழைய வீடியோ கேம் பெட்டிகளை வாங்கி விற்கும் கடைக்காரரின் முதுகிலிருந்து மின்விசிறி சுழலும் ஓசை எழத் தொடங்கியது ஒரு வியாழக்கிழமை முற்பகல். அதே வாரத்தில் பழைய கன்ட்ரோலர்களின் விலையும் சற்றே ஏறிற்று. கடைவீதியில் அதிகமாகப் பேசப்பட்டது பின்னதைப் பற்றித்தான். முன்னதைப் பொறுத்தவரை, சூடான காற்று எதிர்க்கடைக்குள் வரவில்லை என்பதை உறுதி செய்துகொண்ட பின்னர் ஒருவரும் குறை கூறவில்லை.

அந்தக் கடை ஒரு மாடிப்படியின் அடியில், முன்பு குடைகளைப் பழுதுபார்த்த இடத்தில், நீளவாக்கில் ஒடுங்கி இருந்தது. முன்புறம் கணவரின் ஆட்சி. பின்புறம் மனைவியின் ஆட்சி. அவர் கண்ணாடிப் பலகையின்மேல் கையூன்றி நின்று, உள்ளே நுழைபவர் எந்தப் பெட்டியைச் சுட்டிக்காட்டினாலும், "புத்தம்புதுசுங்க, சும்மா நாலு நாள் ஆடியிருப்பாங்க" என்பார். மூடி உடைந்ததும் புத்தம்புதுசு. பூனை கடித்த வடம் தொங்குவதும் புத்தம்புதுசு. இப்படிச் சொல்லிச் சொல்லி அவருக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. வங்கியில்கூட அவரைப் புத்தம்புதுசு என்றே அழைத்தார்கள். மனைவிக்குச் சோதனைக்காரி என்று பெயர். மேசை விளக்கின் கீழ் அமர்ந்து ஒரு பெட்டியின் மூடியைக் கழற்றியதும் அவள் முதலில் மோந்து பார்ப்பாள். புகைபிடிப்பவர் வீட்டுப் பெட்டி, ஈரச்சுவர் வீட்டுப் பெட்டி, சமையலறையை ஒட்டிய கூடத்தில் வாழ்ந்த பெட்டி என்று மூக்கே பிரித்துச் சொல்லிவிடும். சூடு தேடி வந்து குடியேறிய கரப்பான்களைத் தூரிகையால் வெளியேற்றுவாள். விசிறியின் இறக்கைகளில் படிந்த தூசியை ஊதுவாள். சூட்டைக் கடத்த உள்ளே தடவியிருந்து, காய்ந்து சுண்ணாம்பாகிவிட்ட பசையைச் சுரண்டி எடுத்துப் புதுப்பசை தடவுவாள். கன்ட்ரோலரின் குமிழ் விரல் படாமலேயே ஒரு பக்கமாகச் சாய்கிறதா என்று திரையில் பார்ப்பாள். பிறகு அந்தப் பெட்டியை ஒரு மர அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தி, பகல் முழுவதும் ஓட விடுவாள். அந்த அலமாரிக்கு மாமியார் வீடு என்று பெயர். அங்கே தாக்குப்பிடித்தது எங்கேயும் தாக்குப்பிடிக்கும் என்பது அவள் அனுபவம்.

இவ்வளவும் முடிந்த பிறகே ஒரு வெள்ளை ஒட்டுச்சீட்டில் கண்டதைக் கண்டபடி எழுதி, பெட்டியின் அடிப்பாகத்தில் ஒட்டுவாள். கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். கணவர் எத்தனை முறை கெஞ்சியும் 'கீறல்கள் உண்டு' என்பது 'லேசான கீறல்' ஆனதில்லை. அவள் ஆறு மாதம் உத்தரவாதம் என்று எழுதிய பெட்டி ஆறு மாதம் ஓடியது. ஓராண்டு என்று எழுதியது ஓராண்டு ஓடியது. மாடியிலிருந்து விழுந்த பெட்டியும், குழந்தை பாலை ஊற்றிய பெட்டியும், காலத்திற்குள் நின்றதில்லை. ஆனால் காலம் முடிந்த மறுநாளே பல பெட்டிகள் சொல்லி வைத்தாற்போல் அணைந்தன. ஒருமுறை பேருந்து ஓட்டுநர் ஒருவர், அணைந்த பெட்டியைக் குழந்தையைப் போல் கையில் ஏந்தி வந்தார்.

"நேத்தோட வாரண்டி முடிஞ்சுது. இன்னைக்குக் காலையில கண்ண மூடிடுச்சு. என்னங்க இது, உள்ள கடிகாரம் வெச்சுத் தைக்கிறீங்களா?"

"அண்ணே, சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னாடி போச்சா? போகலல்ல? அப்புறம் என்ன, வாக்கு சுத்தம்" என்றார் புத்தம்புதுசு. ஓட்டுநர் யோசித்துப் பார்த்துவிட்டு, இன்னொரு பெட்டியை வாங்கிக்கொண்டு போனார். சோதனைக்காரி மட்டும் அன்று முழுவதும் தலை நிமிரவில்லை. தான் பெட்டியின் ஆயுளைக் கண்டுபிடித்து எழுதுகிறோமா, எழுதுவதால் அதுவே ஆயுளாகிறதா என்ற ஐயம் அவளுக்கு வெகுநாளாக இருந்தது. அதை அவள் எவரிடமும் கேட்டதில்லை. கேட்டால் யாருக்குத் தெரியும்?

கண்ணாடிப் பலகையின் மூலையில் ஒரு பெட்டி மட்டும் கடை திறந்த நாளிலிருந்து இடம் மாறாமல் இருந்தது. வருகிற கன்ட்ரோலர்களையும் வட்டுகளையும் அதில் மாட்டித்தான் சோதிப்பார்கள். அதன் மூடி ஒரு மூலையில் உடைந்து, ரப்பர் வளையத்தால் கட்டப்பட்டிருந்தது. 'கடை உபயோகம். விற்பதற்கில்லை' என்பதற்குமேல் அதன் சீட்டில் ஒன்றும் இல்லை. புத்தம்புதுசு வாய் சும்மா இராமல் அதையும் ஒருமுறை விற்றுவிட்டார். சோதனைக்காரி திருப்புளியும் கையுமாகப் பேருந்து நிறுத்தம் வரை ஓடி, வாங்கியவர் மடியிலிருந்து அதை மீட்டு வந்தாள். அதனோடு பிறந்த பெட்டிகள் அனைத்தும் உதிரிபாகங்களாகிப் பல காலம் ஆயிற்று. அது ஓடிக்கொண்டிருந்தது. தினமும் பார்க்கிற பொருளை யார் பார்க்கிறார்கள்?

புத்தம்புதுசுவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியபோது, மழைக்கால ஈரம் என்று அவர் சொல்லிக்கொண்டார். மழைக்காலம் முடிந்தும் மூச்சு வாங்கியது. தம் மகனுக்காக அந்தக் கடையில் ஒரு பெட்டி வாங்கியிருந்த மருத்துவர் நெடுநேரம் மார்பில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, இதயத் தசை தளர்ந்துவிட்டது என்றும், மருந்து தரலாம் என்றும், ஆனால் அடுத்த ஆண்டு இதே நேரம் இதே நாற்காலியில் உட்கார்ந்து பேசுவோம் என்று தம்மால் சொல்ல இயலாது என்றும் கூறினார்.

"நாலு நாள் ஆடின பெட்டி டாக்டர் இது" என்றார் புத்தம்புதுசு. மருத்துவர் சிரிக்கவில்லை. எவ்வளவு நேரம் நின்று வியாபாரம் பார்க்கலாம் என்று மனைவி கேட்டாள். நிற்கவே வேண்டாம், உட்கார்ந்தே இருக்கட்டும் என்றார் அவர்.

கடையில் இருந்தது ஒரே நாற்காலி, அது அவளுடையது. அதை அவருக்குக் கொடுத்துவிட்டு, அவள் நின்றபடி வேலை பார்க்கத் தொடங்கினாள். இங்கேதான் பிசகு நேர்ந்தது. சீட்டை எழுதியதும், பெட்டியின் திருகாணிகளை முடுக்கி முடிக்கும் வரை, அதை நாற்காலியின் முதுகுப்பலகையில் மெல்ல ஒட்டி வைப்பது அவளுடைய நெடுநாள் வழக்கம். இரு கைகளும் வேலையில் இருக்கையில் சீட்டுக்கு வேறு இடம் கிடையாது. நாற்காலியில் அவளே இருந்தவரை அவள் சாய்ந்ததில்லை; குனிந்து வேலை செய்பவர்களுக்கு முதுகுப்பலகை எதற்கு? அந்த வியாழக்கிழமை, மூடப்பட்ட ஒரு விளையாட்டு நிலையத்திலிருந்து வாங்கிய பெட்டிகளுள் ஒன்றைச் சோதித்து முடித்து, எழுதிய சீட்டைப் பழக்கத்தால் நாற்காலியில் ஒட்டினாள். புத்தம்புதுசு ஒரு வாடிக்கையாளரை வழியனுப்பிவிட்டு வந்து, அப்பாடா என்று சாய்ந்தார்.

'கீறல்கள் உண்டு. சூடாகும். மின்விசிறி ஓசை கேட்கும். இடைவிடாமல் இயக்கலாகாது. உட்பாகங்கள் உறுதி. உத்தரவாதம் ஓராண்டு.' இதை முதுகில் சுமந்துகொண்டு அவர் தேநீர் குடிக்கப் போனார், சில்லறை மாற்றப் போனார். பக்கத்தில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த மைத்துனன்தான் முதலில் கண்டான்.

"மாமா, உங்களுக்கு வெலை போடலையே அக்கா? வடத்தோட சேத்துத் தருவாங்களா?"

சோதனைக்காரி ஓடி வந்து சீட்டைப் பிடித்து இழுத்தாள், வரவில்லை. சட்டையைக் கழற்றச் சொன்னாள். சட்டை வந்தது, சீட்டு தோளெலும்புகளுக்கு நடுவே தோலோடு நின்றது. அது சட்டையைக் கடந்து எப்படி உள்ளே போயிற்று என்று அவர்கள் ஆராய்வதற்குள் மின்விசிறி ஓடத் தொடங்கியது. முதலில் திணறியது, பிறகு சீராயிற்று. எந்தப் பெட்டிக்காக அச்சீட்டு எழுதப்பட்டதோ அது அன்று மாலையே அணைந்து, அதன்பின் எழவில்லை. அவள் அதை உதிரிபாகங்களுக்கென்று ஒதுக்கி வைத்தாள்.

அதன்பின் புத்தம்புதுசு சீட்டில் எழுதியபடியே இருந்தார். மூச்சு வாங்கவில்லை, மாடிப்படி ஏறினார், பெட்டிகளைத் தூக்கினார். தோள்களுக்கு நடுவிலிருந்து வெதுவெதுப்பான காற்று வந்தது. குளிர்நாளில் தெருநாய் ஒன்று அவருக்குப் பின்னாலேயே நடந்தது. மைத்துனன் தன் ஈரக் கைக்குட்டையை அங்கே பிடித்து உலர்த்திக்கொண்டான். இடைவிடாமல் பேசினால் மட்டும் சூடேறி, வாக்கியத்தின் நடுவிலேயே நின்றுவிடுவார். கொஞ்சம் ஆறியதும், விட்ட சொல்லிலிருந்து தொடர்வார். பேரம் பேசுபவர்களுக்கு இதனால் எரிச்சல் உண்டாயிற்று. அந்த இடைவெளியில் தங்களை அறியாமலே விலையை உயர்த்திக் கேட்டுவிட்டார்கள். மருத்துவர் குழலை மார்பில் வைத்துக் கேட்டார். பிறகு முதுகில் வைத்துக் கேட்டார். இதயம் திடமாக இருப்பதாகவும், கூடவே கேட்கும் ஓசை இன்னதென்று தெரியவில்லை என்றும், வேண்டுமானால் அறுவைக்கூடத்தில் திறந்து பார்க்கலாம் என்றும் சொன்னார்.

"பிரிச்சா வாரண்டி போயிடும் டாக்டர்" என்றார் புத்தம்புதுசு. தம் மகனுடைய பெட்டியின் அடியிலும் அவ்வாறே எழுதியிருந்ததை நினைத்து மருத்துவர் வற்புறுத்தவில்லை.

ஊர் பழகிவிட்டது. அவரும் பழகிவிட்டார். பழக முடியாதவள் சோதனைக்காரி ஒருத்திதான். தன் எழுத்து ஒரு நாளும் முன்னே பிசகாது என்பதும், பின்னே ஒரு நாளும் நீளாது என்பதும் அவளைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? ஓட்டுநர் ஏந்தி வந்த பெட்டி அவள் கண்ணுக்குள்ளேயே இருந்தது. ஆண்டு முடியும் நாள் நெருங்க நெருங்க, அவர் முதுகில் இருந்த சீட்டின் ஓரங்கள் மெல்ல எழும்பின. குளிக்கும்போது தண்ணீர் படாமல் அவள் அங்கே ஒரு பிளாஸ்டிக் தாளைப் பிடித்தாள்.

கடைசியில் அவள் வாழ்நாளில் செய்யாததைச் செய்தாள். 'புத்தம்புதியது. உத்தரவாதம் ஐம்பது ஆண்டு' என்று ஒரு சீட்டு எழுதி, பழைய சீட்டின்மேல் ஒட்டினாள். அது கையை எடுப்பதற்குள் விழுந்தது. ஐம்பதை இருபதாக்கினாள், விழுந்தது. ஐந்தாக்கினாள், அதுவும் விழுந்தது. மைத்துனன் கைப்பேசித் திரை ஒட்டும் பசையைக் கொண்டு வந்து தடவிப் பார்த்தான். சீட்டு விழுந்தது, அவன் விரல் மட்டும் மாமாவின் தோளில் ஒட்டிக்கொண்டு, வெந்நீர் ஊற்றிய பிறகே விடுபட்டது.

"உங்க அக்கா பொய் எழுதினா பசைக்கே கூச்சமா இருக்குடா" என்றார் புத்தம்புதுசு.

"சோதிக்காம எழுதினேன். அதான் நிக்கல" என்றாள் அவள்.

ஆகவே, உத்தரவாதம் முடியும் நாளன்று, கடையின் இரும்புக்கதவைப் பாதி இறக்கிவிட்டு, ஒரு பெட்டியைச் சோதிப்பதுபோல் அவரைச் சோதிக்க அமர்ந்தாள். மாமியார் வீட்டுக்குள் தம்மை வைக்கப்போகிறாளா என்று அவர் கேட்டார். அது ஆள் கொள்ளாது, கதவைச் சாத்திய பின்னறையே போதும் என்றாள். அவரை மாடிப்படி ஏறி இறங்கச் சொன்னாள், பேசச் சொன்னாள், பேசாமல் இருக்கச் சொன்னாள், இரண்டாவதில் அவர் தேறவில்லை. உண்ண வைத்துப் பார்த்தாள். உறங்க வைத்து முதுகில் காது வைத்துக் கேட்டாள். மாத்திரை போட்டாயிற்றா என்றதற்குப் போட்டாயிற்று என்றார். மாத்திரை சட்டைப் பையில் இருந்தது. பின்னறையில் வெறுமனே இருக்க இயலாமல் அவர் அலமாரியிலிருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திருப்பி, கீறல் உள்ள பக்கம் சுவரைப் பார்க்கும்படி வைத்தார். அவளைக் கடக்கும்போதெல்லாம் மேசை விளக்கின் தலையைத் தொட்டு, அதன் வெளிச்சம் அவள் கண்ணில் அடிக்காதவாறு சாய்த்துவிட்டுப் போனார். நெடுங்காலமாக அவ்விளக்கின் மூட்டு தளர்ந்துவிட்டது, தானாகவே சாய்கிறது என்று அவள் எண்ணியிருந்தாள். கடைக்கு வந்த பெட்டிகளைப் பார்த்த அளவுக்குத் தான் அவரைப் பார்த்ததில்லை என்பது அவளுக்கு அப்போது தெரிந்தது. அவள் பேனாவை எடுத்தாள்.

"எத்தன வருஷம் போடப் போற?"

"காலம் முடிஞ்சு திரும்பி வந்த பெட்டிக்கு, சத்தமும் சூடும் இருந்தா, மூணு மாசத்துக்கு மேல நான் போட்டதே இல்ல."

"மூணு மாசமா? ஒரு ஆறாப் போடேன்டி. நானா இருந்தா கேக்காமலே குடுத்திருப்பேன்."

"என் கை வராதுங்க."

அவர் முதன்முறையாகப் பேரம் பேசாமல் விட்டார். சீட்டின் ஒரு மூலை முழுவதுமாக எழும்பி, முதுகின் விசிறிக் காற்றில் படபடத்தது.

அப்போது இரும்புக்கதவுக்கு அடியில் குனிந்து பேருந்து ஓட்டுநர் உள்ளே வந்தார். அவர் கையிலிருந்த கன்ட்ரோலரின் குமிழ் இடப்பக்கமாகச் சாய்வதாகவும், திரையிலுள்ள வண்டி எப்போதும் பள்ளத்திலேயே இறங்குவதாகவும், நாள் முழுதும் வண்டி ஓட்டுகிற தமக்கு இது பெருத்த அவமானம் என்றும் சொன்னார். கடை மூடியிருக்கிறது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. முன்புறம் வந்து, கன்ட்ரோலரைக் கடைப் பெட்டியில் மாட்டினாள். ரப்பர் வளையம் கட்டிய அந்தப் பெட்டி, பொத்தானைத் தொட்டதும் விழித்தது. ஓட்டுநர் கன்ட்ரோலரை மறந்து பெட்டியையே பார்த்தார்.

"இது நான் முதல்முதல்ல வந்தப்பவே இங்க இருந்துச்சே. இன்னுமா ஓடுது? இத எனக்குக் குடுத்துடுங்களேன்."

"எடுத்துக்கோங்கண்ணே, புத்தம்பு..." என்று பின்னறையிலிருந்து குரல் வந்து, சூடேறி, பாதியில் நின்றது.

"அது விக்கிறதுக்கு இல்லண்ணே" என்றாள் அவள்.

"வெலை எவ்வளவுன்னாலும் பரவால்ல. வாரண்டியே வேணாம்."

"வித்தாத்தானேண்ணே வாரண்டி? வித்த தேதியிலேர்ந்துதான் எண்ணுவோம். விக்காததுக்குத் தேதி ஏது?"

சொல்லிவிட்டு அவள் கன்ட்ரோலரைக் கழற்றிக் கீழே வைத்தாள். பிறகு, குனிந்து அந்தப் பெட்டியின் அடிப்பாகத்தைப் புதிதாய்ப் பார்ப்பவள்போல் படித்தாள். ஓட்டுநரிடம் கன்ட்ரோலரை நாளை சரி செய்து தருவதாகக் கூறி, நெட்டித் தள்ளாத குறையாக வெளியே அனுப்பினாள்.

பின்னறையில் அவர் "...துசுண்ணே" என்று முடித்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைத் திரும்பி உட்காரச் சொன்னாள். புதுச் சீட்டு ஒன்றில் எழுதினாள், நிறுத்தவில்லை, அடிக்கவில்லை. 'கீறல்கள் உண்டு. சூடாகும். மின்விசிறி ஓசை கேட்கும். சொல்வது அனைத்தையும் நம்புதல் கூடாது. இடையிடையே ஓய்வு தருதல் வேண்டும். கடை உபயோகம். விற்பதற்கில்லை.' பழைய சீட்டு அவள் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. விசிறி ஒரு கணம் தயங்கியது. அவள் புதிய சீட்டை அதே இடத்தில் வைத்து, நான்கு மூலைகளையும் கட்டைவிரலால் அழுத்தினாள். கையை எடுத்தாள். சீட்டு நின்றது. விசிறி ஓடியது.

அவர் மைத்துனனை அழைத்து அதைப் படிக்கச் செய்து கேட்டார்.

"வெலையே போடலையேடி."

"போட்டா வித்துடுவீங்க" என்றாள் அவள்.

மறுநாள் காலையில் அவள் கண்ணுக்கு முன் காது விழித்தது. ஓசை கேட்டது. அவள் திரும்பிப் படுத்து, கடை திறக்கும் நேரம் தாண்டும் வரை உறங்கினாள். அப்படி உறங்கியது அவள் நினைவில் அதுவே முதல் தடவை.

ஆண்டுகள் போயின. வட்டே இல்லாத பெட்டிகள் வந்தன. வடமே இல்லாத பெட்டிகள் வந்தன. அவற்றுள்ளும் கரப்பான்கள் குடியேறின. மருத்துவர் ஓய்வுபெற்றார், அவருடைய மகன் மருத்துவராகி, அதே முதுகில் குழலை வைத்துக் கேட்டு, தம் தகப்பனார் விட்ட இடத்திலேயே தாமும் விட்டார். சீட்டின் மை மங்கும்போதெல்லாம் சோதனைக்காரி அதன்மேலேயே திரும்ப எழுதினாள். கடைக்கு இரண்டாவது நாற்காலி வாங்கப்பட்டது. எழுதிய சீட்டுகளை ஒட்டி வைக்க அவள் சுவரில் ஓர் ஓட்டைத் தாம்பாளத்தை மாட்டிக்கொண்டாள். எந்த நாற்காலியிலும் எதையும் ஒட்டுவதில்லை.

எனினும் புத்தம்புதுசுவுக்கு ஒரு குறை இருந்தது. அவளுக்கும் மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. தன் முதுகைத் தானே சோதித்துக்கொள்ள யாரால் முடியும்? அவர் அவளுக்கென்று ஒரு சீட்டு எழுதி ஒட்டிப் பார்த்தார். 'புத்தம்புதியது' என்று எழுதியது விழுந்தது. 'கீறலே இல்லை' என்று எழுதியது விழுந்தது. 'இருபது வயது' என்று எழுதியதும் விழுந்தது. அவள் சிரித்த அசைவிலேயே விழுந்தது என்று மைத்துனன் சொன்னான். கடைசியில் அவர் வேலையை நிறுத்திவிட்டு, அவளை நாற்காலியில் அமர்த்தி, எதிரே உட்கார்ந்து, ஒரு பகல் முழுவதும் வாய் பேசாமல் அவளைப் பார்த்தார். விசிறி அன்று ஒரு முறையும் திணறவில்லை. மாலையில் ஒரே ஒரு சொல்லை எழுதி அவள் தோளில் ஒட்டினார். 'விற்பதற்கில்லை.' அவர் வாழ்நாளில் எழுதிய சீட்டுகளுள் நின்றது அது ஒன்றுதான். அன்று முதல் அக்கடையில் விலை போடாத பொருள்கள் மூன்று ஆயின. மற்றவற்றின் விலை வழக்கம்போல் ஏறி இறங்கியது.